வாசகர் கேள்விகள்: பேனா போல ஒன்று, தர்பூசணி மணத்தோடு

மின் சிகரெட் பற்றி இப்பகுதியில் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உடல்நலத்தைவிட விளம்பரத்தைப் பற்றியே கேட்கின்றன என்பதால் இந்த முறை அதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன். சில கடிதங்களில் பள்ளிப் பிள்ளைகள் வருவதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில், பார்ப்பதற்கு ஹைலைட்டர் பேனாவைப் போலவே இருந்த ஒரு பொருள் கிடைத்தது. மூடியைத் திறந்தால் தர்பூசணி மணம். அது ‘வேப்’, அதாவது மின் சிகரெட், என்று எங்களுக்குச் சொன்னதே மற்ற மாணவர்கள்தான். ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. “இன்ஸ்டாகிராமில் பார்த்தேன்” என்றான் அவன். இது தடை செய்யப்பட்ட பொருள்தானே? தடை செய்த பொருளுக்கு விளம்பரம் எங்கிருந்து வருகிறது?
— ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: தடை செய்யப்பட்டதுதான். தமிழ்நாடு அரசு 2018இலேயே தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, வினியோகம், இருப்பு வைத்தல் என்று நீளும் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே விளம்பரமும் இடம்பெற்றிருக்கிறது. நிகோடின் இல்லாத கருவியும் அதன் வரையறைக்குள் வருகிறது என்பதையும் கவனியுங்கள். “இதில் நிகோடின் கிடையாது, வெறும் மணம்தான்” என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் அவர் செய்வது குற்றமே.

விளம்பரம் என்றால் என்ன என்பதை அந்தச் சட்டம் விரிவாகவே வரையறுத்திருக்கிறது. ஒளி, ஒலி, புகை, வாயு, அச்சு, மின்னணு ஊடகம், இணையதளம், சமூக ஊடகம் ஆகியவற்றின் வழியே செய்யப்படும் எந்தப் பரப்புரையும், அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், மேலுறை, விலைச்சீட்டு ஆகியவற்றில் அச்சிடப்படுவதும் விளம்பரமே. புகையாலும் வாயுவாலும் யார் விளம்பரம் செய்வார்கள் என்று முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயால் ஆவியை வளையம் வளையமாக விட்டுக் காட்டி, அதற்குப் பின்னணி இசையும் சேர்த்து இளைஞர்கள் வெளியிடும் காணொளிகளைப் பார்த்த பிறகு, அந்தச் சொற்களை எழுதியவர் தம்மை அறியாமலேயே சரியாக எழுதிவிட்டார் என்று தோன்றுகிறது.

உங்கள் மாணவனின் கைப்பேசிக்கு விளம்பரம் மூன்று வழிகளில் வந்திருக்கலாம். மின் சிகரெட் சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் உள்ளவர்கள் வெளியிடும் படங்களும் காணொளிகளும், எல்லைச் சாவடி ஏதும் இல்லாமல் தேனிக்கு வந்துவிடுகின்றன. உள்ளூரில் கள்ளத்தனமாக விற்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு தொடங்கி, விலையைத் தனிச் செய்தியில் சொல்லி, கூரியரில் அனுப்புகிறார்கள். மூன்றாவது வழி, காசு எதுவும் வாங்காமல், பெருமைக்காகவே படம் போடும் சக மாணவன். மத்திய சுகாதார அமைச்சகம் 2023 பிப்ரவரியில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், கல்வி நிலையங்களை ஒட்டிய ஸ்டேஷனரி கடைகளில்கூட இவை கிடைப்பதைக் குறிப்பிட்டிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் இவற்றை விற்பனை செய்தும் விளம்பரப்படுத்தியும் வந்த 15 இணையதளங்களுக்கு அறிவிக்கை அனுப்பியது. தடைச் சட்டம் வந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அப்படி அறிவிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விட உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அது ஹைலைட்டர் பேனாவைப் போல இருந்தது என்பதுதான். ஐம்பது வயதுக்காரர் யாரும் சட்டைப்பையில் ஹைலைட்டரோடு திரிவதில்லை. அந்த வடிவம், அந்த நிறம், அந்தத் தர்பூசணி மணம் மூன்றும் சேர்ந்து, ‘இது உனக்காகச் செய்யப்பட்டது’ என்று ஒரு பள்ளி மாணவனிடம் சொல்கின்றன. சுவரொட்டியும் தொலைக்காட்சியும் தேவைப்படாத விளம்பரம் இது.

பையனைப் பொறுத்தவரை, பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாகச் சட்டம் குறிப்பிடவில்லை. அவனைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை, வகுப்பில் நிறுத்தி அவமானப்படுத்தவும் வேண்டியதில்லை. எங்கே, யாரிடம் வாங்கினான் என்பதைத் தனியே, பொறுமையாகக் கேட்டறியுங்கள். விற்றவரைப் பற்றிக் காவல்துறையிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். உதவி ஆய்வாளரும் அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ள அதிகாரிகளும் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் இச்சட்டம் அதிகாரம் தருகிறது. சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்திலும் மீறல்களைப் பதிவு செய்யலாம். அவன் பார்த்த கணக்கு எது என்று தெரிந்தால், முடக்கப்படுவதற்கு முன் அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளம்பரத்தைக் கட்டுப்படுத்தினால் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்களா? கெடுகிற பிள்ளை எப்படியும் கெடும் என்பது என் எண்ணம். இதற்கெல்லாம் சட்டம் போடுவது வீண் வேலை அல்லவா?
— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: கெடுகிற பிள்ளை எப்படியும் கெடும் என்பது சரியானால், ஒரு நாட்டில் மின் சிகரெட் பிடிக்கும் மாணவர்களின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்தது அப்படி இல்லை. அங்கே ஆண்டுதோறும் பள்ளிகளில் தேசிய அளவிலான கணக்கெடுப்பு நடக்கிறது. கடந்த 30 நாட்களில் ஒரு முறையாவது மின் சிகரெட் பிடித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2011இல் 1.5 சதவீதம். 2017இல் அது 11.7. மறு ஆண்டே 20.8, 2019இல் 27.5. இரண்டே ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் குணம் மாறிவிடாது. மாறியது சந்தை.

அந்தச் சந்தையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 ஜூனில் ஜூல் என்ற கருவி அறிமுகமாயிற்று. ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜேம்ஸ் மான்சீஸ், ஆடம் போவன் ஆகிய இருவர் உருவாக்கியது அது. பார்ப்பதற்கு அப்படியே பென் டிரைவ். கணினியில் செருகியே சார்ஜ் செய்யலாம். நிகோடினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக மாற்றியதால், தொண்டையில் உறுத்தாமல் அதிக அளவு நிகோடினை உள்ளிழுக்க முடிந்தது. முதல் முறை பீடி இழுத்த எவருக்கும் நினைவிருக்கும் இருமல்தான் பலரை இரண்டாம் முறை இழுக்காமல் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் காவலாளியை ஜூல் வேலையைவிட்டு அனுப்பிவிட்டது. அறிமுக விளம்பரத்திலோ பளிச்சென்ற வண்ணக் கட்டங்களின் முன் துள்ளி ஆடும் இளம் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய பலகை, விருந்துகளில் இலவசமாகச் சுவைத்துப் பார்க்கும் ஏற்பாடு, சமூக ஊடகத்தில் ஹேஷ்டேக், பிறகு மாம்பழச் சுவை. ராபர்ட் ஜேக்லர் என்ற ஸ்டான்ஃபோர்ட் மருத்துவப் பேராசிரியரின் குழு இந்த விளம்பரங்களைத் திரட்டி ஆராய்ந்து, தொடக்க ஆண்டுகளில் அவை இளையோரையே நோக்கியிருந்தன என்று 2019இல் அறிக்கை வெளியிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் 2020 பிப்ரவரியில் தொடுத்த வழக்கில், சிறுவர் தொலைக்காட்சிகளான நிக்கலோடியன், கார்ட்டூன் நெட்வொர்க் ஆகியவற்றின் இணையதளங்களில் இந்நிறுவனம் விளம்பர இடம் வாங்கியதாகக் குற்றம் சாட்டினார். வயது வந்த புகைபிடிப்பவர்களையே தாம் குறிவைத்ததாக நிறுவனம் சொல்லிவந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 2022 செப்டம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குச் சுமார் 43.85 கோடி டாலரும், 2023 ஏப்ரலில் நியூயார்க், கலிஃபோர்னியா உள்ளிட்ட மாநிலங்களுக்கு 46.2 கோடி டாலரும் தர இசைந்தது.

இங்கேதான் உங்கள் சந்தேகத்துக்கு ஓரளவு நியாயமும் கிடைக்கிறது. 2018 நவம்பரில் அந்நிறுவனம் தன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை மூடிற்று. ஆனால் ஹேஷ்டேக் மூடப்படவில்லை; பிள்ளைகளே அதைச் சுமந்து சென்றார்கள். தீ வைத்தவன் வீட்டுக்குப் போனபின்னும் வைக்கோற்போர் எரிந்துகொண்டிருந்தது. அதன்பின் 2020 தொடக்கத்தில், குப்பி மாற்றிப் பயன்படுத்தும் கருவிகளில் புகையிலை, மென்தால் தவிர்ந்த சுவைகளை அமெரிக்க அரசு தடுத்தபோது, ஒரு முறை பயன்படுத்தி எறியும் கருவிகளுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. மாணவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்: மின் சிகரெட் பிடித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் எறியும் வகையைப் பயன்படுத்தியோர் 2019இல் 2.4 சதவீதம், 2020இல் 26.5 சதவீதம். அடுத்து, புகையிலையிலிருந்து எடுக்காத செயற்கை நிகோடின் என்று சொல்லிச் சிலர் சட்டத்திலிருந்து நழுவினார்கள். 2022இல் அந்த ஓட்டையும் அடைக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகு 2024இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே அந்த விகிதம் 7.8. விளம்பரக் கட்டுப்பாடு மட்டுமே இதைச் சாதித்தது என்றால் அது பொய்யாகிவிடும். வாங்கும் வயது 2019 டிசம்பரில் 21 ஆக உயர்ந்தது, சுவைகள் குறைந்தன, நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தன, அரசே எதிர்விளம்பரம் செய்தது. எது எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது கடினம். ஆயினும் 27.5க்கும் 7.8க்கும் இடையில் உள்ள பிள்ளைகள் ‘எப்படியும் கெடுகிறவர்கள்’ அல்லர் என்பது உறுதி.

கேள்வி: இது வெறும் நீராவிதான் என்கிறான் என் பேரன். உண்மையா?
— புதுக்கோட்டையிலிருந்து ஒரு பாட்டி

பதில்: இல்லை அம்மா. புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், மணப்பொருட்கள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவற்றைச் சூடாக்கினால் எழும் நுண்துளிகள் அவை. சூடேறும் கம்பிச்சுருளிலிருந்து உலோகத் துகள்களும் கலக்கக்கூடும். ஜூலின் ஒரு குப்பியில் ஏறக்குறைய ஒரு சிகரெட் பெட்டி அளவு நிகோடின் உண்டு என்று அந்நிறுவனமே கூறியது. மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருப்பதால், அந்த வயதுக்குள் நிகோடின் பழகினால் அடிமைத்தனம் ஆழமாக வேரூன்றும்.

அமெரிக்காவில் 2019–20இல் 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்து 68 பேர் இறந்ததை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு அவனைப் பயமுறுத்தாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கஞ்சாச் சாறு கலந்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் இருந்த வைட்டமின்-இ அசிடேட்டால் நேர்ந்தவை. அதை அவன் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்பமாட்டான்.

கேள்வி: நான் விளம்பரத் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன். விளம்பரம் புதிய பழக்கத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே பழக்கம் உள்ளவரை ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். சட்டப்படி விற்கக்கூடிய நாடுகளில் விளம்பரத்தை மட்டும் தடுப்பது கருத்துரிமைக்கு எதிரானது அல்லவா?
— சென்னையிலிருந்து ஒருவர்

பதில்: உங்கள் முதல் வாதத்தைச் சிகரெட் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. முதிர்ந்த சந்தையில் அதற்குச் சிறிது இடம் இருக்கலாம். ஆனால் இந்தியாவில் 2016–17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில் மின் சிகரெட் பயன்படுத்துவோர் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏற்கெனவே வாடிக்கையாளர் இல்லாத சந்தையில் யாரை எதிலிருந்து எதற்கு மாற்றுவது? சிகரெட்டிலிருந்து மாற்றுகிறோம் என்பீர்கள். அப்படியானால் விளம்பரத்தில் இருமும் நாற்பத்தைந்து வயதுக்காரர் இருக்க வேண்டும். ஜூல் விளம்பரத்தில் இருந்ததோ துள்ளும் இளைஞர்கள்.

கருத்துரிமை பற்றிய கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் அது பெரிய தடையாகவே இருந்திருக்கிறது. அங்கே 1971 ஜனவரி முதல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் சிகரெட்டைப் பற்றியே பேசியதால், நாற்பது ஆண்டுகள் கழித்து மின் சிகரெட் விளம்பரம் அதே தொலைக்காட்சியில் சாவகாசமாக வந்து அமர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் 1,000 அடிக்குள் புகையிலை விளம்பரப் பலகை கூடாது என்றும், கடைக்குள் தரையிலிருந்து 5 அடிக்குக் கீழே விளம்பரம் வைக்கக் கூடாது என்றும் விதித்தபோது, 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாதவை என்றது. குட்டையான குழந்தைக்கும் நிமிர்ந்து பார்க்கத் தெரியும் என்று தீர்ப்பில் சொல்லியிருந்தார்கள். நீதிபதிகள் சரியாகவே பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்; குழந்தையின் கண்ணை அடியால் அளக்க முடியாது. அந்த வாதத்திலிருந்து, விதியைத் தளர்த்த வேண்டும் என்ற முடிவுக்கும் போகலாம், இன்னும் விரிவாக எழுத வேண்டும் என்ற முடிவுக்கும் போகலாம். நான் இரண்டாவது பக்கம்.

சட்டத்தால் முடியாத பலவற்றை அங்கே உடன்படிக்கைகள் செய்தன. ஒட்டகத்தைக் கேலிச்சித்திரமாக்கி ஒரு சிகரெட்டை விற்றார்கள். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மிக்கி மவுஸ் எவ்வளவு தெரிந்திருந்ததோ அவ்வளவு அந்த ஒட்டகமும் தெரிந்திருந்தது என்று 1991இல் ஓர் ஆய்வு காட்டியது. 1998இல் 46 மாநிலங்களோடு பெரிய சிகரெட் நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, கேலிச்சித்திரங்களையும் தெருவோரப் பலகைகளையும் ஒழித்தது. ஜூல் உடன்படிக்கையும் அதே வழியில் சென்றது: 35 வயதுக்குக் குறைந்தவர்களை விளம்பரத்தில் காட்டக் கூடாது. பிரிட்டனில் அந்த எல்லை 25. அங்கே 2016 மே முதல் தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள், இணையம் ஆகியவற்றில் நிகோடின் கொண்ட மின் சிகரெட் விளம்பரங்கள் தடுக்கப்பட்டன. பேருந்தின் பக்கவாட்டுக்கும் தெருப்பலகைக்கும் கடைக் கண்ணாடிக்கும் அந்தத் தடை பொருந்தவில்லை. பள்ளிக்குப் பேருந்தில் போகும் பிள்ளைக்கு இதனால் என்ன காப்பு கிடைத்தது என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த நாட்டின் விளம்பரத் தர அமைப்பு 2019 டிசம்பரில், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் வைப் என்ற மின் சிகரெட்டுக்காக இன்ஸ்டாகிராமில் வெளியான இடுகைகள் விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய சமூக ஊடகக் கணக்கைக் கடையின் சொந்த இணையதளத்தைப் போலக் கருத முடியாது என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் வணிக விளம்பரமும் கருத்துரிமையின் பகுதியே என்று டாடா பிரஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தக் காப்பு இல்லை என்றும் கூறியது. பழக்க அடிமைத்தனத்தைத் தரும் பொருளை மாம்பழம் என்று சொல்லி விற்பது எந்த வகை என்று, முப்பது ஆண்டு அனுபவம் உள்ள நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பீடியும் சிகரெட்டும் தெருத்தெருவாக விற்கிறது, அதைவிடத் தீங்கு குறைந்ததாகச் சொல்லப்படும் மின் சிகரெட்டுக்குத் தடை. இது என்ன நியாயம்?
— மதுரை

பதில்: முரண்பாடுதான், மறைப்பதற்கில்லை. பல இலட்சம் பேர் ஈடுபட்டுள்ள பீடித் தொழிலும் வரி வருவாயும் ஒரு பக்கம், புதிதாக உள்ளே வரவிருந்த ஒரு பொருள் மறுபக்கம். வாசலிலேயே நிறுத்துவது அரசுக்கு எளிதாக இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் மின் சிகரெட்டைத் திறந்துவிட வேண்டும் என்ற முடிவுக்குப் போகிறார்கள். எனக்கோ சிகரெட் விளம்பரத்தில் உள்ள மிச்ச சொச்ச ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்றே படுகிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தாலும், விற்கும் கடையின் வாசலில் பலகை வைக்க இடம் கொடுத்தது. ஏலக்காய் என்றும் பான் மசாலா என்றும் பெயர் சொல்லிப் புகையிலைப் பிராண்டைத் தொலைக்காட்சியில் காட்டும் வித்தையும் நாம் அறிந்ததே.

கேள்வி: மலேசியாவில் எங்கள் வட்டாரத்தில் வேப் கடைகள் ஒரு காலத்தில் மிட்டாய்க் கடை போலவே இருந்தன. இப்போதுதான் சட்டம் வந்திருக்கிறது. தாமதமானதன் விளைவு என்ன?
— பினாங்கு

பதில்: உங்கள் நாட்டின் கதை மற்ற நாடுகளுக்குப் பாடம். நிகோடின் திரவத்துக்கு வரி விதிப்பதற்காக, 2023 மார்ச் 31 அன்று அதை நச்சுப்பொருட்கள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் வயது வரம்பும் விளம்பரத் தடையும் கொண்ட புதிய சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 18 மாதங்களில் நிகோடின் கலந்த மின் சிகரெட்டைச் சிறுவனுக்கு விற்பதைத் தடுக்க நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. பதினெட்டு மாதம் என்பது ஒரு நிர்வாகத்துக்குச் சிறிய காலம்; ஒரு பிராண்டின் பெயரும் சுவையும் பள்ளிக்கூடப் பேச்சில் கலந்துவிட அது தாராளமாகப் போதும். 2007 முதல் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருளை என்றுமே விற்கக் கூடாது என்று முதலில் சேர்த்திருந்த பிரிவையும் 2023இல் கைவிட்டார்கள். பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதலே வாங்குவதும் வைத்திருப்பதும் பிடிப்பதும் குற்றம். இலங்கையும் 2016இலேயே தடை செய்துவிட்டது.

கேள்வி: எனக்கு 52 வயது. முப்பது ஆண்டுகளாகச் சிகரெட் பிடிக்கிறேன். லண்டனில் உள்ள என் மைத்துனர் வேப்புக்கு மாறி, சிகரெட்டை விட்டுவிட்டார். விளம்பரத்தைத் தடுப்பதால் என்னைப் போன்றவர்களுக்குச் செய்தியே வந்து சேராதே?
— திருநெல்வேலி

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு, மெல்லும் நிகோடின் பசை (சூயிங்கம்), தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை ஆகியவற்றைவிட நிகோடின் மின் சிகரெட்டால் சிகரெட்டை விடுபவர்கள் அதிகம் என்றே கூறுகிறது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையும் வயதுவந்த புகைபிடிப்பவர்களுக்கு அதை ஒரு வழியாகச் சொல்கிறது. ஆனால் அந்தச் செய்தி மருத்துவர் வாயிலாக வர வேண்டியது. மருத்துவர் உங்களிடம் வயதையும் நெஞ்சுவலியையும் கேட்டுவிட்டுப் பேசுவார். இன்ஸ்டாகிராம் அதைக் கேட்பதில்லை. உங்களுக்கும் உங்கள் பேத்திக்கும் ஒரே படத்தைக் காட்டும்.

இந்தியாவில் அந்த வழி சட்டப்படி திறக்கப்படவில்லை. மருந்துக்கடைகளில் நிகோடின் பசை கிடைக்கிறது. மருத்துவரைக் கேட்டு அளவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் அச்சிடப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளாகப் பெட்டியைப் பிரிக்கும் கை, ஒரு முறை அந்த எண்ணையும் அழுத்திப் பார்க்கட்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. இன்ஸ்டாகிராமில் எனக்குக் கணிசமானவர்கள் பின்தொடர்பாளர்களாக இருக்கிறார்கள். அழகான பெட்டி ஒன்றை அனுப்புகிறோம், பிரித்துக் காட்டினால் போதும், பிடிக்கவே வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் கேட்கிறார். உள்ளே வேப் இருக்கிறது. பிடிக்காமல், பெயர் சொல்லாமல் காட்டினால் அது விளம்பரமாகுமா?
— திருச்சி

பதில்: ஆகும். மின் சிகரெட்டின் பயன்பாட்டை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிக்கும் விளம்பரத்தில் பங்கெடுப்பதையும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் வரை அபராதமும். பெட்டியை வாங்கி வீட்டில் வைத்திருப்பதும் சிக்கலில் முடியலாம். இருப்பு வைப்பதற்குத் தனித் தண்டனை உண்டு. மின் சிகரெட் சட்டப்படி விற்கும் அமெரிக்காவிலேயே, பின்தொடர்பாளர்கள் அதிகம் உள்ளவர்களைக் கொண்டு நிகோடின் எச்சரிக்கை இல்லாமல் இடுகை போட வைத்த நான்கு நிறுவனங்களுக்கு 2019 ஜூனில் அரசு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், உங்களைப் பின்தொடரும் பிள்ளைகள் கருத்துப் பகுதியில் “அக்கா, இது என்ன? எங்கே கிடைக்கும்?” என்று கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குத் தனிச் செய்தியில் பதில் சொல்ல அவர் காத்திருப்பார். பெட்டியை வாங்காதீர்கள், அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, உங்கள் கல்லூரியில் நீங்கள் நம்பும் பேராசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று புகார் கொடுங்கள்.